துப்பட்டாவுக்குள் ஐந்து அம்மாக்கள்

அவர்கள் வந்து சேர்வதற்குள் இந்த நாற்றத்தை வீட்டைவிட்டு விரட்டியாக வேண்டும். முதலில் பினாயில் ஊற்றித் தரையைத் துடைத்தேன். குழந்தைகள் தவழும் தரையில் பினாயிலா என்று ஷர்மிளா அக்கா முகம் கோணுவாள் என்று தோன்றியதும் வெறும் வெந்நீரில் மறுபடி துடைத்தேன். போகவில்லை. புளித்த பால் நாற்றம். சோபா உறையை முகர்ந்து பார்த்தேன், திரைச்சீலையை, மெத்தையை, செழியன் தவழும் விரிப்பை, செருப்பு அலமாரியைக்கூட. எதிலும் இல்லை. எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது நான்தான். கழுத்து மடிப்பில், உள்ளாடைப் பட்டையில், முடியின் அடியில். காலையில் ஒரு தடவை குளித்தவள் இப்போது மறுபடியும் குளித்துவிட்டு வந்து நிற்கிறேன். நார் வைத்துத் தேய்த்ததில் தோள்பட்டை சிவந்து எரிகிறது. எரியட்டும். பிரசவத்துக்கு முன்னால் ஒரு பால் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். டேங்கர் லாரி வந்து நின்றால் மூடியைத் திறந்து முதலில் மூக்கைத்தான் வைக்க வேண்டும். குழாயும் மிஷினும் எல்லாம் பிறகு. லேசாகப் புளிக்க ஆரம்பித்திருந்தாலே என் மூக்குக்குத் தெரிந்துவிடும், மொத்த லாரியையும் திருப்பி அனுப்பிவிடுவேன். டிரைவர்கள் என் காதுபடத் திட்டிக்கொண்டே போவார்கள். அந்த மூக்கை வைத்துக்கொண்டு ஒரு கைக்குழந்தையோடு இத்தனை மாதம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். என்னைத் திருப்பி அனுப்பத்தான் ஆள் இல்லை.

அதோ உட்கார்ந்திருக்கிறான் என் மகன் செழியன், விரிப்பின் நடுவில், தன் கால் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு. எச்சில் முகவாயிலிருந்து நூலாக இறங்கி வயிற்றில் விழுகிறது. விழுந்த எச்சிலைக் கையால் தடவுகிறான். தடவிய கையைத் தலையில் வைக்கிறான். நேற்று கொடுத்த மசித்த பூசணி இன்னமும் காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறதோ என்று பார்க்கப் போனால் அங்கே காய்ந்த பால் திட்டு, சுரண்டினால் உதிர்கிறது. துடைக்கிறேன். துடைத்துக்கொண்டே இருக்கிறேன். ஈரத் துணியால், காய்ந்த துணியால், டப்பாவிலிருந்து உருவுகிற அந்த வாசனைக் காகிதத்தால். துடைத்து முடித்த கணம் மேலே ஒரு குமிழி வெடிக்கும், தயிர் மாதிரி ஏதோ ஒன்று வழியும். என் பிள்ளையைக் கண்டால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. வேறு எப்படிச் சொல்வது என்று யோசித்துப் பார்த்தாயிற்று, வேறு மாதிரி சொல்ல வரவில்லை. அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் செத்துப்போவேன், அது உண்மை. இரவில் எழுந்து மூச்சு வருகிறதா என்று விரலை வைத்துப் பார்க்கிறேன், அதுவும் உண்மை. பார்த்துவிட்டு விரலைப் போய்க் கழுவுகிறேனே, அதுவும்தான் உண்மை. பால் கொடுக்கும்போது முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொள்வேன். எதிர் பிளாக்கின் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டே கொடுத்து முடித்துவிடுவேன். அந்த வாய் தேடுகிற விதம், கண்ணை மூடிக்கொண்டு அப்படியும் இப்படியும் ஆட்டிக்கொண்டு, மீன் மாதிரி. பாதிக் குடியில் கையை மேலே நீட்டி என் தாடையைத் தட்டுவான், பிடித்து இழுப்பான். கை ஈரமாக இருக்கும். எடுத்துக் கீழே விட்டுவிடுவேன். மறுபடி நீட்டுவான். இவ்வளவு கொடுத்தும் இன்னும் என்னடா வேண்டும் உனக்கு என்று தொட்டிகளிடம் கேட்பேன்.

பிரச்சினை இன்றைக்கு அதுவல்ல. பிரச்சினை அந்த ஆட்டம். வியாழக்கிழமைதோறும் எங்கள் அடுக்குமாடியில் புதுசாகப் பிள்ளை பெற்றவர்கள் யாராவது ஒருத்தி வீட்டில் கூடுகிறோம். கோயமுத்தூரில் ஊருக்கு வெளியே இருக்கிற கட்டிடம். புருஷன்மார் எல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போய்விட்டால் பகலில் பேச்சுத்துணைக்கு லிஃப்ட்தான். அதற்காக ஷர்மிளா அக்கா ஆரம்பித்தாள். அவளுக்கு இது இரண்டாவது குழந்தை, எங்களுக்கெல்லாம் முதலாவது, ஆகவே அவள் சொல்வதுதான் சட்டம். ஒவ்வொரு வாரமும் கிளம்புவதற்கு முன்னால் ஒரு ஆட்டம் உண்டு. அம்மாக்கள் சுவரோரம் வரிசையாக உட்கார வேண்டும், துப்பட்டாவைத் தலைமுதல் முகம் முழுக்கப் போட்டு மூடிக்கொள்ள வேண்டும். கூப்பிடக் கூடாது, கை தட்டக் கூடாது, வளையல் ஆட்டக் கூடாது. வாரம் ஒரு முறை இடம் மாறி உட்கார வேண்டும். குழந்தைகளை எதிர்ப் பக்கம் விட்டால் அது அது தவழ்ந்து தன் அம்மாவிடம் போய்ச் சேர வேண்டும். “வாசம் புடிச்சே வருமுங்க. அம்மா வாசம் புள்ளைக்குத் தெரியாதா?” என்பாள் ஷர்மிளா அக்கா, அவளே கண்டுபிடித்த மாதிரி. இதுவரை நான் தப்பித்தேன், செழியன் தவழவில்லை. மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். போன வாரம் நஸ்ரினின் பையன் நேராகப் போய் ஜெயப்பிரபாவின் மடியில் ஏறினான். எல்லோரும் சிரித்தார்கள், நஸ்ரினும் சிரித்தாள். லிஃப்டில் இறங்கும்போது அவள் கண் சிவந்திருந்தது, தூசி என்றாள். நேற்று குரூப்பில் ஷர்மிளா அக்கா போட்டிருந்தாள்: செழியன் தவழ ஆரம்பிச்சாச்சு, நாளைக்கு அவனும் ஆட்டத்தில் உண்டு. கீழே வரிசையாக இதயங்கள். நானும் ஒன்று போட்டேன். போட்டுவிட்டுப் போய்க் குளித்தேன். அவனுக்கு எந்த வாசனையை நான் மிச்சம் வைத்திருக்கிறேன்? சோப்பு. சோப்பைத் தேடியா வருவான்? அவன் வேறு எவள் மடியிலாவது போய் ஏறிவிட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். லிஃப்டில் நான் என்ன சொல்வது, தூசி என்றா? என்ன தெரிந்துவிடும், எதுவும் தெரியாது, குழந்தைகள் விளையாட்டு என்று என் புருஷன் கோகுல் சொல்வான். அவனுக்கென்ன, அவன் ஆபீஸில் ஏசியில் இருக்கிறான்.

மணி அடிக்கிறது. நாலு பேரும் சேர்ந்தே வருகிறார்கள், ஆளுக்கொரு குழந்தையும் ஒரு மூட்டையும். ஷர்மிளா அக்கா முதலில், இடுப்பில் பெண்ணோடு, தேங்காய் எண்ணெய் மணக்க மணக்க. பின்னால் ஜெயப்பிரபா, அவள் பெண்ணின் கன்னத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கறுப்புப் பொட்டு, கையில் வசம்புக் காப்பு. நஸ்ரின் தன் பையனைப் பவுடரில் முக்கி எடுத்த மாதிரி கொண்டுவந்திருக்கிறாள். கடைசியில் தாரிணி, தூக்கத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தவள் போல், ஒரு காலில் ஒரு செருப்பும் மறு காலில் வேறு செருப்பும். “வாங், வாங்” என்கிறேன். என் குரல் எனக்கே வரவேற்பறைப் பெண்ணின் குரலாகக் கேட்கிறது. “அட, வீடு என்னமா பளபளன்னு இருக்குது! எப்படிங் வாசுகி, புள்ளைய வச்சுக்கிட்டு?” என்று ஜெயப்பிரபா வியந்துகொண்டே தன் பெண்ணை என் சோபாவில் மல்லாத்திப் போட்டு, கட்டியிருப்பதைப் பிரிக்கிறாள். என் சோபாவில். துணி விரிக்கவில்லை. பார்க்காதே என்று எனக்குச் சொல்லிக்கொண்டு பார்க்கிறேன். கடுகு நிறம், நடுவில் பச்சை. “பச்சையா போறாளுங்க்கா, ரெண்டு நாளா” என்று அவள் ஷர்மிளா அக்காவுக்குத் தூக்கிக் காட்டுகிறாள், அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிட்டப் போய்ப் பார்க்கிறாள், கடையில் புடவைக் கரையைப் பார்க்கிற மாதிரி. “பல்லு வருது, அதுதான். நீ கீரை கீது சாப்டியா?” நஸ்ரின் எட்டிப் பார்த்து, இவன் நேற்று ஆரஞ்சாகப் போனான் என்கிறாள். என் கையில் கேசரித் தட்டு. ஆரஞ்சு நிறக் கேசரி. யாரும் அதைக் கவனிக்கவில்லை, ஆளுக்கொரு கரண்டி எடுத்துக்கொள்கிறார்கள். ஜெயப்பிரபா கழற்றியதைச் சுருட்டிப் பந்தாக்கி, “இதை எங்கங்க போடறது?” என்று கேட்டுக்கொண்டே கேசரித் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறாள். பக்கத்தில்தான். ஒட்டி இல்லை. நான் அளந்து பார்க்கவில்லை.

சிரிக்கிறேன். காப்பி கொடுக்கிறேன். பல் தெரியச் சிரித்துக்கொண்டு மூச்சை வாயால் விடுகிறேன், லேபில் கெட்டுப்போன சாம்பிளை வைத்துக்கொண்டு பழகிய வித்தை. தாரிணி வாழைப்பழத்தைக் கடித்து, மென்று, கூழாக்கி, நாக்கு நுனியிலிருந்து விரலால் எடுத்துக் குழந்தை வாயில் வைக்கிறாள். குழந்தை சப்புக் கொட்டுகிறது. அவள் விரலில் மிச்சமிருப்பதை அவளே நக்கிக்கொள்கிறாள். நஸ்ரின் பேச்சின் நடுவில் தன் பையனைத் தூக்கி, அவன் பின்புறத்தில் மூக்கை வைத்து ஆழமாக இழுத்துப் பார்த்துவிட்டு, “இல்ல, இன்னும் போகல” என்று கீழே விட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்கிறாள். ஷர்மிளா அக்கா மாராப்பை ஒதுக்கிவிட்டுப் பால் கொடுக்கிறாள், இன்னொரு பக்கத்திலிருந்து சொட்டுவதை ஒரு காப்பி டம்ளரில் பிடிக்கிறாள். என் டம்ளர், என் கல்யாணச் சீர். குழந்தைகள் ஒருவர் வாயிலிருந்ததை ஒருவர் பிடுங்கி வாயில் வைக்கிறார்கள். டிவி ரிமோட் எல்லோர் வாய்க்கும் போய் வந்துவிட்டது. அதன் பட்டன்களுக்கு நடுவில் என்னென்ன கிருமி இருக்கும் என்று எனக்குத் தெரியும், தட்டில் வைத்து வளர்த்தால் என்ன நிறத்தில் பூக்கும் என்றுகூடத் தெரியும். இவர்களுக்கு எதுவுமே இல்லையே. ஒருத்தி முகத்திலாவது ஒரு சுளிப்பு, ஒரு நொடி, ஒரு சின்னது? தேடித் தேடிப் பார்க்கிறேன். இல்லை. தாரிணி படித்தவள், கல்லூரியில் பாடம் எடுத்தவள், கர்ச்சீஃபால் பிடித்துத்தான் பஸ் கம்பியைத் தொடுவேன் என்று ஒரு தடவை சொன்னவள். அவளே நாக்கு நுனியிலிருந்து எடுத்து ஊட்டுகிறாள். பிள்ளை பெறும்போது எல்லோருக்கும் ஏதோ ஒன்று உள்ளே மாறிவிடுகிறது. எனக்கு மாறவில்லை. தையல் போட்டார்கள், குழந்தையைக் கையில் கொடுத்தார்கள், அந்த ஒன்றை மட்டும் கொடுக்க மறந்துவிட்டார்கள்.

கையில் கொடுத்தார்கள் என்றா சொன்னேன். கொடுக்க வந்தார்கள். நர்ஸ் அவனை அப்படியே தூக்கி என் நெஞ்சில் போட வந்தாள். ரத்தமும், அதற்குமேல் வெண்ணெய் மாதிரி ஏதோ பூச்சும், தொப்புள் கொடி நீலமாக முறுக்கிக்கொண்டும். “துடைச்சுட்டுக் குடுங்க” என்றேன். முதல் வார்த்தை அதுதான். உலகத்துக்கு வந்த பிள்ளையைப் பார்த்து அவன் அம்மா சொன்ன முதல் வார்த்தை. நர்ஸ் சிரித்தாள், “துடைச்சாலும் உங்க புள்ளதான்” என்று அருகில் கொண்டுவந்தாள், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். களைப்பு என்று நினைத்திருப்பார்கள். என் அம்மா பொள்ளாச்சியிலிருந்து வந்து கூட இருந்த நாட்களில், நான் அவன் பீத்துணியைக் குச்சியால் தூக்கிப் போவதைப் பார்த்துவிட்டாள். “இதுல என்ன கண்ணு இருக்குது, நம்ம புள்ளதானே” என்றாள். திட்டியிருந்தால் தேவலை. அவள் அதை வாங்கித் துவைத்தாள். கிளம்பும்போது அவனைக் கொஞ்சிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள், இவளிடம் விட்டுவிட்டுப் போகிறோமே என்கிற பார்வை. அப்படித்தான் பார்த்தாளா, நானாக நினைத்துக்கொள்கிறேனா? போனில் தினமும் கேட்கிறாள், “தூக்கி வச்சுக்கறியா, சாமி?” என்று. அது எல்லா அம்மாக்களும் கேட்கிற கேள்விதான். ஆனாலும் ஏன் அந்தக் கேள்வி? தூக்கி வைத்துக்கொள்ளாதவளிடம்தானே அப்படிக் கேட்பார்கள்?

“சரி, ஆட்டத்தை ஆரம்பிக்கலாமுங்களா? அவங்கவங்க துப்பட்டாவை எடுங்க” என்று ஷர்மிளா அக்கா கையைத் தட்டுகிறாள். “செழியனுக்கு இன்னைக்கு அரங்கேற்றம்!” நான் சுடிதாரில்தான் இருக்கிறேன், துப்பட்டா போடவில்லை. “உள்ள இருக்குதுங்க்கா, எடுத்தாறேன்” என்று படுக்கையறைக்குப் போகிறேன். கதவைச் சாத்துகிறேன். அலமாரியிலிருந்து எடுத்த பச்சைத் துப்பட்டாவில் துவைத்த வாசனை, இஸ்திரி வாசனை, வேறு ஒன்றும் இல்லை. கையை முகர்கிறேன், சோப்பு. முழங்கையை, சோப்பு. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடி ஓடிக் கழுவிய நாற்றம் இப்போது தேவைப்படும்போது எங்கே போய்த் தொலைந்தது? ஒரு மணி நேரத்துக்கு முன்னால் என் மேல் அடித்துக்கொண்டிருந்ததே. காலில் தலைவலித் தைலம் தேய்த்தால் வருவானா, அது அவனுக்குத் தெரியும், இல்லை அது கோகுலின் வாசனை. குளியலறை மூலையில் அழுக்குக் கூடை இருக்கிறது. மேலாக, நேற்று ராத்திரி தோளில் போட்டிருந்த துணி. கோகுலின் பழைய வேட்டியைக் கிழித்தது. அதில்தான் அவன் கக்கினான், இரண்டு தடவை. எடுக்கிறேன், விரல் நுனியால், ஓரத்தைப் பிடித்து. விறைப்பாகக் காய்ந்திருக்கிறது, நடுவில் மட்டும் இன்னும் ஈரம். என்ன செய்கிறாய் வாசுகி? எந்த அம்மாவாவது இப்படிக் காப்பியடித்துப் பாஸாவாளா? மற்றவர்கள் எல்லாம் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும் அவர்களுக்கு. எனக்குச் சும்மா உட்கார்ந்தால் போதாது. நான் துணியை மடித்துச் சுடிதாரின் கழுத்து வழியாக உள்ளே விடுகிறேன், நெஞ்சோடு. ஈரப் பக்கம் தோலில் படுகிறது, சில்லென்று, பிசுபிசுவென்று. ஓங்கரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறேன். வெளியே அவர்கள் சிரிக்கிறார்கள். “வாசுகி, சீக்கிரம் வா, புள்ளைங்க எல்லாம் ஓடுது!” வருகிறேன். இதோ வந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர், குமட்டியதால் வந்த தண்ணீர்.

சுவரோரம் எனக்கு நடுவில் இடம் கொடுத்திருக்கிறார்கள். உட்கார்ந்து துப்பட்டாவை இழுத்து மூடிக்கொள்கிறேன். பச்சை இருட்டு. உள்ளே நானும் அந்தத் துணியும். என் மூச்சு போய் அதில் பட்டு இன்னும் புளித்துத் திரும்பி வருகிறது. வாயால் விடு, வாயால் விடு. “ரெடி, விட்டாச்சு” என்று ஷர்மிளா அக்கா, அவளும் வந்து ஓரத்தில் உட்கார்கிற சத்தம். அமைதி. பிறகு தரையில் முழங்கால்கள், உள்ளங்கைகள், டப் டப் என்று. நாலைந்து ஜோடி. எது அவனுடையது? காதைத் தீட்டிக்கொள்கிறேன். அவன் ஒரு முழங்காலை மடித்து ஒரு காலை இழுத்துக்கொண்டு வருவான். அந்த இழுப்பு கேட்கவில்லை. இந்தப் பக்கம் போகிறதா, அந்தப் பக்கமா? கடவுளே, வேறு மடிக்குப் போகக் கூடாது. இந்த ஒரு தடவை வந்துவிடு. இத்தனை நாள் நான் செய்தது எல்லாம் தப்பு என்று வேண்டுமானாலும் ஒத்துக்கொள்கிறேன், வந்துவிடு. என் கால் பெருவிரலில் ஓர் ஈரக் கை. வந்துவிட்டான்! கை ஏறுகிறது, துணியைப் பிடித்து இழுக்கிறது, நெஞ்சில் முட்டுகிறது. வசம்பு. காப்பு கடித்துக் கடித்து ஊறிய வசம்பு நாற்றம். அவன் இல்லை, ஜெயப்பிரபாவின் பெண். அடுத்து இன்னொன்று, கனமானது, முழங்காலில் ஏறி உட்கார்ந்து கழுத்தருகே மூக்கைத் தேய்க்கிறது. பவுடர். நஸ்ரினின் பையன். இவனும் இல்லை. மூன்றாவது ஒன்று தேங்காய் எண்ணெயோடு வந்து பக்கவாட்டில் முட்டுகிறது. “என்னங்க இது, மத்த உருப்படியெல்லாம் வாசுகிகிட்டயே போகுது!” என்று தாரிணி, தன் குழந்தை மடிக்கு வந்துவிட்ட தெம்பில், துப்பட்டாவுக்குள்ளிருந்து சிரிக்கிறாள், திருட்டுத்தனமாகப் பார்த்திருக்கிறாள். “உள்ள என்ன வச்சிருக்கறே, மாயமா?” எனக்குக் காதெல்லாம் சுடுகிறது. ஊரிலுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் வாசம் பிடித்துவிட்டது, எவனுக்காக அந்தக் கந்தலை நெஞ்சில் வைத்தேனோ அவனைத் தவிர. மூன்று பேரும் மேலே ஊருகிறார்கள், எச்சிலும் மூக்குச்சளியும், ஒரு விரல் துப்பட்டாவோடு சேர்த்து என் மூக்குத் துளைக்குள் போகிறது. தள்ள முடியாது. தள்ளினால் ஆட்டத்துக்கு விரோதம்.

அப்போது அந்த அழுகை. அறையின் அந்தக் கோடியிலிருந்து. முதலில் சிணுங்கலாக, பிறகு மூச்சு பிடித்து நின்று, பிறகு வெடித்து. செழியன். விட்ட இடத்தைவிட்டு அவன் நகரவே இல்லை. “அழுவட்டும், ரெண்டு நிமிசம் விட்டுப் பாருங்க, தன்னால வருவான்” என்கிறது ஷர்மிளா அக்காவின் குரல். “மொத தடவை எல்லாம் அப்படித்தான். யாரும் எந்திரிக்கக் கூடாது.” உட்கார்ந்திருக்கிறேன். பச்சைத் துணி வழியாகப் பார்க்கிறேன், தூரத்தில் ஒரு சின்னக் கறுப்பு உருவம், ஜன்னல் வெளிச்சத்துக்கு முன்னால். தலை இப்படியும் அப்படியும் திரும்புகிறது. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு, மறுபடி முதலிலிருந்து. முகர்கிற பிள்ளை இப்படித் தலையைத் திருப்பாது. அவன் பார்க்கிறான். என்ன பார்க்கிறான்? எதிரே சுவரில் வரிசையாக ஐந்து மூட்டைகள், தலையில்லாமல், கண்ணில்லாமல். எனக்கே பயமாக இருக்குமே. யாராவது ஒரு பெரிய மனுஷியை இப்படி உட்கார வைத்து எதிரே முகமில்லாத ஐந்து பேரை நிறுத்தினால் வாந்தி எடுத்துவிட்டு ஓடமாட்டாளா? அவனுக்கு வாசனை என்னத்துக்கு? அவன் முகத்தைத் தேடுகிறான். ஜன்னல் பக்கமே திருப்பி வைத்திருந்த இந்த முகத்தை, தாடையைப் பிடித்துப் பிடித்து இழுத்தானே, அதை. அழுகை இன்னும் ஒரு படி ஏறுகிறது, தொண்டை கிழிகிற சத்தம். நான் துப்பட்டாவைப் பிடுங்கி எறிகிறேன். கொண்டை அவிழ்ந்து முடி முகத்தில் விழுகிறது, ஒதுக்குகிறேன். “வாசுகி! அவுட்டு, அவுட்டு! நீ கெடுத்துட்டே!” என்று ஷர்மிளா அக்கா கத்துகிறாள். கத்தட்டும்.

பார்த்துவிட்டான். அழுகை பாதியில் அறுந்துபோய் வாய் மட்டும் சதுரமாகத் திறந்தபடி இருக்கிறது. பிறகு ஒரு கால் மடிந்து ஒரு கால் இழுபட, வருகிறான். வழியில் நஸ்ரினின் பையன் விட்டுவைத்த மூத்திரக் குளம், மஞ்சளாக, விரிப்பின் ஓரத்தில். சுற்றி வாடா என்று மனசுக்குள் கத்துகிறேன். நேராக அதற்குள் வருகிறான், இரண்டு உள்ளங்கையும் அதில் பட்டுத் தெறிக்க, என்னை விட்டுக் கண்ணை எடுக்காமல். மேலே கிடக்கிற மூன்று பேரையும் முட்டித் தள்ளி ஏறுகிறான். ஒரு கையால் என் முடியைப் பிடித்துக்கொள்கிறான், இன்னொரு சொட்டுகிற கையை என் வாய்மேல் வைக்கிறான். உதட்டில் உப்பு. என் முகம் தானாகச் சுருங்குகிறது, அதை நான் நிறுத்தப் பார்க்கிறேன், முடியவில்லை. மூக்கு மேலே ஏறுகிறது, புருவம் ஒன்றோடொன்று முட்டுகிறது, மேலுதடு பல்லைவிட்டுப் பிரிகிறது. ஒரு சாண் தூரத்தில் அவன் அதைப் பார்க்கிறான். பார்த்துவிட்டான். இத்தனை நாள் மறைத்தது போயிற்று என்று நினைக்கிறேன். அவன் சின்ன மூக்கு மெதுவாக மேலே ஏறுகிறது. புருவம் முட்டுகிறது. மேலுதடு பிரிந்து இரண்டு பல் தெரிகிறது. அச்சு அசல். கண் மட்டும் மினுமினுவென்று இருக்கிறது. “ஐயோ, இங்க பாருங்க, மூக்கைச் சுளிக்கறான்!” என்று தாரிணி துப்பட்டாவை உதறிவிட்டு நகர்ந்து வருகிறாள். எல்லோரும் குனிந்து பார்க்கிறார்கள். “எங்கீங் கத்துக்கிட்டான் இதை? இன்னொருக்கா பண்ணு தங்கம், அத்தைக்குப் பண்ணிக் காட்டு.” அவன் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. மூத்திரக் கையை என் கன்னத்தில் வைத்து முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, என்னையே பார்த்துக் காத்துக்கொண்டிருக்கிறான். இது எங்கள் விளையாட்டு என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். அம்மா என்றால் இப்படித்தான் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். தாடையிலிருந்து ஒரு சொட்டு கழுத்துக்குள் இறங்குகிறது. மறுபடி சுளிக்கிறேன். நடிக்க வேண்டியிருக்கவில்லை. அவன் வாய்விட்டுச் சிரிக்கிறான்.